பூச்சே காயல, தை பத்துக்கு கிரகப்பிரவேசம்: இன்டீரியர் எப்ப ஆரம்பிக்கலாம்?

வாசகி கேள்வி (நீளமான லெட்டரோட சுருக்கம்):

மேடம், கும்பகோணம் பக்கத்துல எங்க மாமனாரோட பழைய ஓட்டு வீட்ட இடிச்சுட்டு புதுசா கட்டிட்டு இருக்கோம். கீழ ஹால், கிச்சன், ரெண்டு பெட்ரூம், மேல ஒரு ரூம். வீட்டுக்காரர் குவைத்துல இருக்காரு. நான் ஸ்கூல் டீச்சர், சாயங்காலம்தான் சைட்டுக்கு போவேன், பகல் பூரா 74 வயசு மாமனார்தான் சேர் போட்டு உக்காந்து பாத்துக்கறார். இப்ப ஐப்பசி பாதி ஆயிடுச்சு, ஹாலும் பெட்ரூமும் போன வாரம்தான் உள்பூச்சு முடிஞ்சுது, கிச்சனும் பாத்ரூமும் பைப் வேலை நடக்குது. தை பத்துக்கு கிரகப்பிரவேசம் தேதி குறிச்சாச்சு. இன்டீரியர்காரர் 45 நாள்ல எல்லாம் முடிச்சுடுறேன், பாதி பணம் அட்வான்ஸ் குடுங்க, கார்த்திகை ஒண்ணாம் தேதி வேலைய ஆரம்பிச்சுடுறேன்கறார். எனக்கு ரூமெல்லாம் ரொம்ப சின்னதா தெரியுது, பயமா இருக்கு. மாமியாருக்கு ஹால்ல ஊஞ்சல் வேணும், இவருக்கு ஃபால்ஸ் சீலிங் வேணும். தினம் போய் பாக்கறேன், ஆனா எத பாக்கணும்னே தெரியல. தைக்குள்ள முடியுமா, எது மொதல்ல எது பின்னாடின்னு சொல்லுங்க.

பதில்:

கடைசி கேள்விக்கு நேராவே சொல்லிடறேன். தை பத்துக்குள்ள வீடு பால் காய்ச்சற நிலைக்கு வரும், கண்டிப்பா வரும். ஆனா கப்போர்டு, மாடுலர் கிச்சன், டிவி யூனிட்டுன்னு அந்த இன்டீரியர்காரர் படம் போட்டு காட்டினது எல்லாம் சேர்ந்து வராது, வரவும் விடாதீங்க. ஆள் பத்தலங்கறதோ பணம் பத்தலங்கறதோ இல்ல காரணம், உங்க சுவத்துல இன்னும் தண்ணி இருக்கு, அதான்.

அதுக்கு முன்னாடி ரூம் சின்னதா தெரியற விஷயம், ஏன்னா லெட்டர்ல அதத்தான் மூணு எடத்துல எழுதியிருக்கீங்க. வீடு கட்டற எல்லாருக்கும் இது வரும்ங்க. அஸ்திவாரத்துக்கு மார்க்கிங் போட்டப்ப பாத்திருப்பீங்க, இதுல எப்படி ஒரு ரூம் வரும்னு தோணும், சுவர் எழும்பினா கொஞ்சம் பெருசா தெரியும், சென்ட்ரிங் பலகையும் முட்டும் நிக்கறப்ப மறுபடி குகை மாதிரி ஆயிடும், இப்ப சிமென்ட் கலர்ல இருட்டா இருக்கறதால சின்னதா தெரியுது, ஒரு கோட்டு வெள்ளை பிரைமர் அடிச்ச அன்னிக்கு நீங்களே அட இவ்ளோ பெருசான்னு கேப்பீங்க. பூச்சு நிஜமா எடுத்துக்கற எடம் ரொம்ப கம்மி, உள்பூச்சு கனம் 12 மில்லி மீட்டர் அளவுதான், ரெண்டு பக்கமும் சேத்தா ஒரு இஞ்ச் போகும், அவ்ளோதான்.

கண்ண நம்பாம சாக்பீஸ நம்புங்க, டீச்சர் கைல சாக்பீஸுக்கா பஞ்சம். ஒரு ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துட்டு போய் தரைல நிஜ அளவுல வரைஞ்சு பாருங்க. கட்டில் பெருசுன்னா 6 அடிக்கு ஆறரை அடி, நடுத்தரம்னா 5 அடிக்கு ஆறரை. கப்போர்டு ஆழம் 2 அடி. உங்க பெட்ரூம் 10க்கு 12னு எழுதியிருக்கீங்க, கப்போர்ட ஒரு 12 அடி சுவத்துல வச்சு எதிர்ச்சுவத்துல கட்டில் தலைமாட்ட வச்சா 2 அடியும் ஆறரை அடியும் போக மிச்சம் ஒன்றரை அடிதான், அந்த சந்துல நின்னு கப்போர்டு கதவ தொறக்கவே முடியாது. அதையே ஒரு 10 அடி சுவத்துல கப்போர்டும் எதிர் 10 அடி சுவத்துல தலைமாடும்னு திருப்பி வச்சா நடுவுல மூன்றரை அடி கிடைக்கும், ஒருத்தர் தாராளமா நடக்கலாம். ரூம் அதேதான், பொருள் உக்காற விதம் மாறினாலே போதும்.

வரையறப்ப மாமியாரையும் பக்கத்துல வச்சுக்கோங்க. ஏன்னா வடக்க தலை வச்சு படுக்கக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்வாங்க, நம்ம ஊர்ல சொல்லாத வீடே இல்ல, ஆனா எலக்ட்ரீஷியன் பிளான பாத்து ஒரு சுவத்துல கட்டில் சுவிட்ச் பாக்ஸ் வச்சிருப்பார், அது வடக்கு சுவரா இருந்தா குடி வந்த பத்தாம் நாள் கட்டில திருப்புவீங்க, அப்புறம் ஃபேன் சுவிட்ச் கால்மாட்டுல இருக்கும், போன் சார்ஜர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல தொங்கும், ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கும். நான் போற சைட்ல பாதி வீட்டுல இந்தக் கதைதான். பாக்ஸ் மாத்தணும்னா இப்ப மாத்திடுங்க, பூச்சு முடிஞ்ச சுவர்னாலும் ஒரு காடி வெட்டி பைப் போட்டு பூசறது அரை நாள் வேலை. பட்டி (பெயின்ட்டுக்கு முன்னாடி சுவத்த வழவழப்பாக்க பூசறது) பாத்து பெயின்ட் அடிச்ச பின்னாடின்னா அந்த சுவர் முழுக்க திரும்ப அடிக்கணும்.

இப்ப தண்ணி விஷயம். பூச்சு பூசினதும் குறைஞ்சது ஏழு நாள் காலைல சாயங்காலம் தண்ணி அடிச்சு நனைக்கணும், இது தெரிஞ்சதுதான், மாமனார் அத சரியா பண்றார்னு வேற எழுதியிருக்கீங்க. சந்தோஷம். அந்த நனைச்ச சுவர் காயறதுக்கு அதுக்கப்புறம் நாலு வாரமாவது விடணும். வெயில் காலத்துல இந்தக் கணக்கு சரியா வரும். உங்களுக்கு ஐப்பசி கார்த்திகை, வடகிழக்குப் பருவமழை, டெல்டா பூமி, காத்தே ஈரமா இருக்கும். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் உக்காந்திருக்கும். சோதிக்க ஒரு சுலப வழி இருக்கு, ரெண்டடி சதுரத்துக்கு ஒரு கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டி சுவத்துல வச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க. மறுநாள் ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா அந்த சுவர் இன்னும் தயாராகல. வெளிச்சுவரோட உள்பக்கம், பாத்ரூம் ஒட்டின சுவர், தரைல இருந்து ஒன்றரை அடி உயரம், இந்த மூணு எடத்துலயும் ஒட்டி பாருங்க, ஹால் நடுச் சுவத்துல மட்டும் பாத்துட்டு காஞ்சிடுச்சுன்னு சொல்லாதீங்க.

ஈரச் சுவத்துல பட்டி பாத்தா ஆறு மாசத்துல பொரிஞ்சு உதிரும், போர் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா வெள்ளையா உப்பு பூக்கும். அத விட மோசம் ஈரச் சுவத்துல ஒட்டி கப்போர்டு அடிக்கறது, சுவர்ல இருக்கற ஈரம் வெளிய போக வழியில்லாம பிளைவுட்டோட முதுகுல ஏறும், பூசணம் பிடிக்கும், பட்டுப் புடவைலாம் ஒரு வாடை வரும், பிளைவுட் மேல ஒட்டற லேமினேட் ஷீட்டோட ஓரம் தூக்கும். கார்த்திகை ஒண்ணுல மரவேலை ஆரம்பிக்கறேன்னு சொல்றவருக்கு இது தெரியாம இருக்காது. தை முகூர்த்தத்துக்கு அவர்கிட்ட இன்னும் நாலு வீடு இருக்கும், உங்கள சீக்கிரம் முடிச்சுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடணும், அவர் கஷ்டம் அவருக்கு.

அப்ப வரிசை எப்படி? கிச்சன் பாத்ரூம் பைப்பு முடிச்சு பிரெஷர் பாத்து பூசறது, நனைக்கறது, காயறது. காயற அந்த நாள்ல பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங், கிச்சன் மேடை, எலக்ட்ரீஷியன் ஒயர் இழுக்கறது. காஞ்ச ரூம்ல ரெண்டு கோட்டு பட்டி, ஒரு கோட்டு பிரைமர், மொத கோட்டு பெயின்ட். அப்புறம் தரை டைல்ஸ். டைல்ஸ் மேல மூடி வச்சுட்டு மரவேலை. மரவேலை தூசியெல்லாம் அடங்கின பின்னாடி கடைசி கோட்டு பெயின்ட், சுவிட்ச், லைட்டு. இதுல மரவேலையும் கடைசி கோட்டும் தைக்கு அப்புறம் வச்சுக்கோங்க, மத்தது தை பத்துக்குள்ள நெருக்கிப் பிடிச்சா முடியும். கட்டில் கப்போர்டு இல்லாம பால் காய்ச்சினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தைல பால் காய்ச்சிட்டு சாமி படத்த வச்சு விளக்கேத்திட்டு, மாசி பங்குனி வெயில்ல மரவேலைய நிதானமா முடிச்சுட்டு சாமான் ஏத்தறவங்க எத்தனையோ பேர். வாடகை ரெண்டு மாசம் கூட போகும், ஒத்துக்கறேன், கப்போர்ட ரெண்டாந்தரம் அடிக்கறத விட அது கம்மி.

இன்னொரு விஷயம், கப்போர்டுக்கும் கிச்சனுக்கும் அளவு எடுக்கறதே பூச்சு, பட்டி, டைல்ஸ் எல்லாம் முடிஞ்ச பின்னாடிதான் எடுக்கணும். ஃபேக்டரில செஞ்சு கொண்டு வந்து மாட்டற மாடுலர்னா இன்னும் கறாரா சொல்றேன், அரை இஞ்ச் தப்பினா ஒண்ணு உள்ள போகாது, இல்லன்னா ஓரத்துல சந்து விட்டு சிலிகான் அடிச்சு மறைப்பாங்க. இப்ப பிளான பாத்து அளவு எடுத்துட்டேன்னு சொல்றவர நம்பாதீங்க, மேஸ்திரி கட்டின சுவரும் பிளான்ல போட்ட கோடும் ஒண்ணா இருந்து நான் பாத்ததில்ல.

எத பாக்கணும்னு தெரியலன்னு கேட்டீங்கல்ல, இந்த வாரமே நீங்க பண்ண வேண்டியது போட்டோ எடுக்கறது. கிச்சன் பாத்ரூம் இன்னும் பூசலங்கறது உங்க அதிர்ஷ்டம். ஒவ்வொரு சுவரா நேரா நின்னு, சுவத்துல ஒரு டேப்ப நீட்டி வச்சு, ஓரத்துல இருந்து எவ்ளோ தூரத்துல பைப் போகுது, தரைல இருந்து எவ்ளோ உயரம்னு நம்பர் தெரியற மாதிரி எடுங்க. எடுத்து உங்க போன்ல, வீட்டுக்காரர் போன்ல ரெண்டுலயும் வைங்க. நாளைக்கு கீசர் மாட்ட ட்ரில் போடறவன் சுடு தண்ணி பைப்ப ஓட்ட போடாம இருக்க இத விட்டா வேற வழியில்ல. பூசறதுக்கு முன்னாடி பைப் வாய எல்லாம் பிளக் போட்டு அடைச்சு பிரெஷர் பம்ப் மாட்டச் சொல்லுங்க, பிளம்பர் கிட்ட இருக்கும், இல்லன்னா வாடகைக்கு கிடைக்கும். சாயங்காலம் பிரெஷர் ஏத்திட்டு பம்ப் மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுன்னு போட்டோ எடுத்துட்டு காலைல மாமனார பாக்கச் சொல்லுங்க. முள்ளு இறங்கியிருந்தா எங்கயோ ஜாயின்ட் கசியுது, அத கண்டுபிடிக்காம பூச விடாதீங்க. செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேர்ற எடத்துல கோழி வலை அடிச்சு பூசினா பின்னாடி வெடிப்பு ரொம்ப குறையும், மீதி இருக்கற ரெண்டு எடத்துக்காவது அத கேட்டு வாங்குங்க.

இதுல முக்கியமா ஒரு கோடு இருக்கு. தரை டைல்ஸ் போட்டு முடிச்சா தரை மட்டம் எங்க வரும்னு மேஸ்திரி டியூப் லெவல் வச்சு எல்லா சுவத்துலயும் ஒரே உயரத்துல கோடு போட்டிருக்கணும். போடலன்னா இன்னிக்கே போடச் சொல்லுங்க. இப்ப நீங்க நிக்கற தரைக்கு மேல கலவையும் டைல்ஸும் சேந்து ரெண்டு ரெண்டரை இஞ்ச் ஏறும், அத கணக்குல எடுக்காம இப்ப இருக்கற தரைல இருந்து கிச்சன் மேடைய அளந்து கல்லு போட்டுட்டா மேடை அவ்ளோ தாழ்ந்துடும், அப்புறம் தினம் குனிஞ்சு காய் நறுக்கி இடுப்பு வலின்னு மாத்திரை போடணும். மேடை உயரத்துக்கு நீங்க நேரா நின்னு முழங்கைய மடக்கி, முழங்கைல இருந்து தரை வரைக்கும் அளந்து அதுல 4 லேர்ந்து 6 இஞ்ச் கழிங்க, அஞ்சடி ரெண்டு இஞ்ச் உயரம்னா 33, 34 இஞ்ச்ல வந்து நிக்கும். யார் அதிகமா சமைக்கறாங்களோ அவங்க அளவு. மேஸ்திரியோட வழக்கமான அளவு அவர் கட்டின கடைசி வீட்டு அம்மாவுக்கு சரியா இருந்த அளவு.

கிச்சன்ல படத்துல வர்ற மாடுலர் எல்லாம் நாலு பிளேட்டு நாலு கப்புக்காக பண்ணது. நம்ம வீட்டுல அண்டா இருக்கும், குண்டான் இருக்கும், இட்லிக் கொப்பரை, அரிசி டிரம், எவர்சில்வர் அடுக்கு, பொங்கப் பானை. மாமியாரோட உக்காந்து சாமான் எல்லாத்தையும் ஒரு தடவ பட்டியல் போட்டுட்டு, பெருசு எல்லாத்தோட அகல உயரத்தையும் அளந்துட்டு அப்புறம் டிராயர் எத்தன கம்பி கூடை எத்தனன்னு முடிவு பண்ணுங்க. கிரைண்டர் மேடை மேலயே இருக்கப் போகுதா, தினம் தூக்கி வைக்கப் போறீங்களா? மேல இருக்கும்னா அதுக்குன்னு ஒரு பிளக் பாயிண்ட் அங்கயே. மிக்சி, ஃபிரிட்ஜ், இன்டக்‌ஷன், தண்ணி சுத்திகரிக்கற மெஷின், சிம்னின்னு ஒவ்வொண்ணுக்கும் எடத்த முடிவு பண்ணி பாக்ஸ் வச்சுட்டா டைல்ஸ வெட்ட வேண்டியதில்ல. சிம்னி வேணும்னா சுவத்துல 6 இஞ்ச் ஓட்டை இப்பவே. கேஸ் சிலிண்டர் ரெண்டும் நிமித்தி வைக்க எடம் வேணும், காத்து போகணும், கதவு போட்டு மூடினாலும் கீழ காத்து போற ஓட்டை ஜாலி வச்சே ஆகணும், சமையல் கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா தரையோட தங்கும். சிங்குக்கு கீழ மட்டும் பிளைவுட் வேண்டாம், பிவிசி போர்டோ கடப்பா கல் பலகையோ போதும், அங்க எப்படியும் ஒரு நாள் சொட்டும்.

எலக்ட்ரிகல்ல நீங்க இன்ஜினியர் ஆக வேண்டாம், சில விஷயம் மட்டும் கேளுங்க. லைட் ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசி கீசருக்கு 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் போடறாங்களா. போர்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இருக்கா, ஆள் ஷாக் அடிச்சா கரண்ட் கட் ஆகறது அதாலதான், அத செலவு மிச்சம்னு விட்றாதீங்க. எர்த் குழி நிஜமாவே தோண்டினாங்களா. இன்வெர்ட்டருக்கு தனி லைன் இழுத்திருக்காங்களா. மாடிப்படிக்கும் பெட்ரூமுக்கும் ரெண்டு எடத்துலயும் போட்டு அணைக்கற டூவே சுவிட்ச். ஏசி வைக்கற சுவத்துல பைப் போற ஓட்டையும் தண்ணி வடியற பைப்பும் வெளிப்பக்கம் வாட்டமா இருக்கணும், இல்லன்னா தண்ணி கட்டில் மேல சொட்டும்.

ஊஞ்சலா ஃபால்ஸ் சீலிங்கா? என் ஓட்டு மாமியாருக்குத்தான். ஹால் உயரம் 10 அடின்னு எழுதியிருக்கீங்க, முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டா அரை அடிக்கு மேல போயிடும், ஃபேன் கீழ வரும், உள்ள பல்லியும் தூசியும் குடியிருக்கும், மேல ரூம் பாத்ரூம்ல என்னிக்காவது கசிஞ்சா எங்க கசியுதுன்னு தெரியறதுக்குள்ள போர்டு ஊறித் தொங்கும். வீட்டுக்காரருக்கு ஆசைன்னா சுத்தி ஒரு ஒன்றரை அடி பார்டர் மாதிரி போட்டு அதுல லைட் வைங்க, நடுவுல கான்கிரீட்டே தெரியட்டும், ஊஞ்சலும் அங்க வரும். ஆனா ஊஞ்சல் கொக்கி கான்கிரீட் போடறப்பவே கம்பியோட சேத்து விட்டிருக்கணும், நீங்க விட்டதா தெரியல. இப்ப பீம்ல கெமிக்கல் ஆங்கர் (துளைல பசை விட்டு கம்பிய பிடிக்க வைக்கறது) போட்டு மாட்டலாம், எந்த பீம், எத்தன இஞ்ச் ஆழம், கம்பில படாம எங்க துளைக்கறதுன்னு உங்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லணும், கார்பென்டரோ எலக்ட்ரீஷியனோ ஃபேன் மாட்டற மாதிரி ஸ்லாப்ல ஒரு ஆணி போல்ட் போட்டு மாட்ட விடாதீங்க. ஊஞ்சல்ல ஒரே நேரத்துல மூணு பேர் உக்காருவாங்க, மேல பசங்க தொங்கும், அது ஆடற எடை, சும்மா தொங்கற எடை இல்ல. பலகைக்கு முன்னாடியும் பின்னாடியும் மூணு மூணு அடி காலியா இருக்கணும், அதயும் சாக்பீஸ்ல வரைஞ்சுடுங்க, சோஃபாவோட மோதுதான்னு தெரிஞ்சிடும்.

மாமனார் வயச எழுதியிருக்கீங்க, ஆனா அவரோட பாத்ரூம் பத்தி ஒரு வரி கூட இல்ல. அவர் படுக்கற ரூம் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி மாத்துங்க. உள்பக்கம் தொறக்கற கதவுன்னா, உள்ள ஒருத்தர் வழுக்கி கதவு மேல சாஞ்சு விழுந்துட்டா வெளிய இருந்து தள்ளவே முடியாது. கதவு நிலை அகலம் ரெண்டரை அடின்னு இருந்தா இன்னும் டைல்ஸ் போடாத இப்பவே மூணு அடியா மாத்த முடியுதான்னு கேளுங்க, நாளைக்கு வாக்கரோ வீல்சேரோ வந்தா அந்த அரை அடி வேணும். தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ், சின்ன சைஸ் இருந்தா இன்னும் நல்லது, ஜாயின்ட் நெறைய இருந்தா கால் பிடிக்கும், வாட்டமும் ஈசியா வரும். கம்மோட் சீட்டு உயரம் 17, 18 இஞ்ச், பக்கத்துச் சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி. கம்பி வேண்டாம் நான் என்ன கெழவனான்னு கேப்பார், மாட்டிட்டு துண்டு காயப்போடன்னு சொல்லிடுங்க.

எல்லா பாத்ரூமுக்கும் பொதுவா ஒண்ணு: வாட்டர்ப்ரூஃபிங் அடிச்ச பின்னாடி, டைல்ஸுக்கு முன்னாடி, ஓட்டைய அடைச்சு தண்ணி கட்டி ரெண்டு நாள் விடணும். மேல ரூம் பாத்ரூம்னா கீழ சீலிங்ல ஈரம் தெரியுதான்னு பாக்கணும், கீழ் பாத்ரூம்னா பக்கத்துச் சுவர், கட்டின தண்ணி மட்டம் குறைஞ்சதா. டைல்ஸ் போட்ட மறுநாள் ஒரு பக்கெட் தண்ணிய மூலைல ஊத்துங்க, ஓடி தண்ணி போற ஓட்டைல விழணும், எங்கயாவது குளம் கட்டினா காசு குடுக்கறதுக்கு முன்னாடி பேத்து போடச் சொல்லுங்க. ஹால் டைல்ஸ ஒரு ரூபா காசால தட்டிட்டே நடங்க, டொக் டொக்குனு காலியா சத்தம் வந்தா அடில கலவை இல்ல. டைல்ஸ் பாக்ஸ் எல்லாத்துலயும் பேட்ச் நம்பர் ஒண்ணான்னு இறக்கறப்பவே பாருங்க, குஜராத் மோர்பில இருந்து வர்ற சரக்கு ஒரே மாடல்னாலும் பேட்ச் மாறினா நிறம் லேசா மாறும், பக்கத்துல பக்கத்துல போட்டாதான் தெரியும். ஒரு பாக்ஸ் மிச்சம் எடுத்து வைங்க. மாமனார் முன் வராந்தாவுக்கு ஆத்தங்குடி கல்லு கேக்கறார்னீங்க, தாராளமா போடுங்க, சூளைல சுடாம கண்ணாடி மேல கையால வார்க்கற சிமென்ட் கல்லு அது, நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும், ஆனா ஆசிட் ஊத்தி கழுவினா போச்சு, வேலைக்கு வர்றவங்க கிட்ட அத மொதல்லயே சொல்லிடணும்.

இன்டீரியர்காரர் கொட்டேஷன் அனுப்பியிருந்தீங்க. சதுர அடிக்கு ஒரு ரேட் போட்டிருக்கு, ஆனா எந்த சதுர அடின்னு இல்ல. முகப்பு அகலம் உயரம் மட்டுமா, உள் தட்டுகளையும் சேத்து அளப்பாரா, லாஃப்ட் தனியா, உள்பக்கம் லேமினேட் உண்டா வெறும் பெயின்டா, கைப்பிடி கீல் யார் கணக்கு, ஒண்ணுமே எழுதல. "ஐஎஸ்ஐ பிளைவுட்"னு மட்டும் இருக்கு, அது போதாது. கிச்சனுக்கு ஐஎஸ் 710 போட்ட, தண்ணி தாங்கற பிளைவுட், பெட்ரூம் கப்போர்டுக்கு ஐஎஸ் 303 போதும், கப்போர்டு பெட்டிக்கு 18 மில்லி மீட்டர் கனம். ஷீட்டு சைட்டுக்கு முழுசா வரணும், வெட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஷீட்லயும் அந்த ஐஎஸ் நம்பர் அச்சு இருக்கான்னு மாமனார் பாக்கணும், இதுக்கு அவர விட நல்ல ஆள் கிடைக்க மாட்டாங்க. வெட்டி லேமினேட் ஒட்டிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் ராத்திரி வீடியோ கால்ல பாத்துட்டு தினம் ஒண்ணு மாத்தச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க, அவருக்கும் கட்டற வீட்ட தொட்டுப் பாக்க முடியலங்கற ஏக்கம் இருக்கும்ல. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்னிக்கு மட்டும் ஒரு கால், அவங்க நேரம் நமக்கு ரெண்டரை மணி பின்னாடி, நீங்க அஞ்சு மணிக்கு வெளிச்சத்தோட சைட்ல இருந்து கூப்பிட்டா அங்க மத்தியானம் ரெண்டரை. அன்னிக்கு முடிவானத ஒரு நோட்டுல எழுதி, அதுக்கு எவ்ளோ கூட ஆகும்னு இன்ஜினியர் கையால எழுதி வாங்கிட்டுத்தான் மாத்தணும். தைல லீவுக்கு வர்றார்ல, கப்போர்டு டிசைன் அப்ப அவர் நேர்ல நின்னு முடிவு பண்ணட்டும், பெயின்ட் கலரும் கூட. கலர் கார்டுல பாத்து எடுக்காம ரெண்டடி சதுரம் சுவத்துல அடிச்சு பகல்ல ஒரு தடவ, நீங்க போடப்போற அதே லைட்ட போட்டு ராத்திரி ஒரு தடவ பாக்கணும், மஞ்ச வெளிச்சத்துல ஒரு கலர் வெள்ள வெளிச்சத்துல வேற கலர்.

கிரகப்பிரவேசத்தன்னிக்கு இன்டீரியர விட முக்கியமானது ஒரு பாத்ரூமாவது முழுசா வேலை செய்யணும், தண்ணி வரணும், வர்ற அம்பது நூறு பேருக்கு. பசுவும் கன்னும் உள்ள கூட்டிட்டு வருவீங்கல்ல, பளபளன்னு புது டைல்ஸ்ல மாட்டுக்குக் கால் வழுக்கும், மெரண்டுடும், வாசல்ல இருந்து பூஜை எடம் வரைக்கும் ஈரச் சாக்கு விரிச்சு விடுங்க. ஹோம குண்டத்த நேரா டைல்ஸ் மேல வைக்காம மணல் கொட்டி அதுமேல ரெண்டு வரிசை செங்கல் அடுக்கி வைங்க, சூட்டுல டைல்ஸ் வெடிக்கும். கடைசி கோட்டு பெயின்ட தைக்கு அப்புறம்னு சொன்னதுக்கு இதும் ஒரு காரணம், ஹோமப் புகையும் மஞ்சத் தண்ணியும் எப்படியும் சுவத்துல படும், அது மேல கடைசி கோட்டு அடிச்சுக்கலாம்.

அட்வான்ஸ் கேட்டது பத்தி. இப்ப பாதி குடுக்காதீங்க. டிசைனுக்கும் படத்துக்கும் ஒரு சின்ன தொகை டோக்கனா குடுத்து ரசீது வாங்குங்க, டைல்ஸ் முடிஞ்சு அவர் நேர்ல வந்து அளவு எடுத்த அன்னிக்கு ஒரு பங்கு, பிளைவுட் சைட்ல இறங்கினதும் ஒரு பங்கு, பெட்டி எல்லாம் நின்னதும் ஒரு பங்கு, கடைசி பத்து சதவீதம் கதவு இழுப்பறை எல்லாம் ஒரு மாசம் தொறந்து மூடிப் பாத்த பின்னாடி. ஒத்துக்கலன்னா விட்டுடுங்க, மாசில முகூர்த்த வேலைலாம் முடிஞ்சு கார்பென்டர்கள் சும்மா இருப்பாங்க, அப்ப நீங்க சொல்ற ரேட்டுக்கே நல்ல ஆள் கிடைப்பாங்க. பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிப் பாத்துட்டு மூணு சுவத்து போட்டோவும் அனுப்புங்க, எந்த ரூம்ல மொதல்ல பட்டி பாக்கலாம்னு அத பாத்து சொல்றேன்.